ஒரே பீன், ரெண்டு சர்வீஸ்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை கடலூர் பக்கத்துல இருந்தும் புதுச்சேரியில இருந்தும் வந்த கடிதங்கள்ல நாலஞ்சு பேர் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தத்தான் கேட்டிருக்காங்க, ஒரு ஜாவா பீன் கிளாஸ (வேலை செய்யற சாதா ஜாவா கிளாஸத்தான்) எழுதி வச்சிட்டு அதையே ரெண்டு மூணு வெப் சர்வீஸா, அதாவது நெட்வொர்க் வழியா வேற புரோகிராம் கூப்பிடற மாதிரி, டெப்ளாய் பண்ண, சர்வர்ல ஏத்தப் போனா எங்கயோ மாட்டுதுன்னு. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே எடுத்துக்கறேன். முதல் கேள்விக்கு பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, அது புரிஞ்சா மத்ததெல்லாம் சீக்கிரம் புரிஞ்சிடும்.

கேள்வி: அண்ணா வணக்கம். பண்ருட்டியில முந்திரி மண்டி வச்சிருக்கற ஒருத்தருக்கு சின்னதா ஒரு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்திருக்கேன். ஜாவா 8, சர்வர் டோம்கேட் 9, வெப் சர்வீஸுக்கு ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் லைப்ரரி. ரேட்பீன்னு ஒரே கிளாஸ், அதுல அன்னிக்கு ரேட்ட பாக்கறது, ரேட்ட மாத்தறது, வியாபாரி பாக்கி பாக்கறதுன்னு மூணு மெத்தட். இத ஒண்ணு வெளி வியாபாரிங்களுக்கு, இன்னொண்ணு மண்டி ஆபீசுக்குன்னு ரெண்டு சர்வீஸா போட்டேன். டெப்ளாய் ஆகுது, லாக்ல சிவப்பா ஒண்ணும் வரல. ஆனா வியாபாரி அட்ரஸ்ல டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸோட விவரமும் அட்ரஸும் எழுதியிருக்கற ஃபைல்) திறந்து பாத்தா உள்ள ஆபீஸ் அட்ரஸ் எழுதியிருக்கு, வியாபாரிங்களோட ஆப் எல்லாம் ஆபீஸ் சர்வீஸப் போய்த் தட்டுது. மூணு நாளா உக்காந்திருக்கேன், ஏன்னே தெரியல.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, உங்க கோடுல தப்பு எதுவும் இல்ல, நீங்க பேர் வைக்காம விட்டதுதான் பிரச்சினை. கிளாஸ் தலையில வெறும் @வெப்சர்வீஸ்ங்கற ஆனோட்டேஷன் (@ போட்டு ஒட்டற குறிப்பு) மட்டும் போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன், ப்ராக்கெட்டுக்குள்ள ஒண்ணும் குடுத்திருக்க மாட்டீங்க. அப்படி விட்டா ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் தானா பேர் வச்சிக்கும், கிளாஸ் பேரோட 'சர்வீஸ்'னு ஒட்டினா சர்வீஸ் பேர், 'போர்ட்'னு ஒட்டினா போர்ட் (சர்வீஸுக்குள்ள நுழையற வாசல்) பேர், பேக்கேஜ் பேர தலைகீழா திருப்பினா நேம்ஸ்பேஸ் (ஒரே பேர் ரெண்டு மோதிக்காம பிரிக்கற குடும்பப் பேர் மாதிரி). கிளாஸ் ஒண்ணுதானே, அதனால நீங்க எந்த கிளாஸ் எந்த அட்ரஸ்லன்னு எழுதற சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ் ஃபைல்ல ரெண்டு என்ட்பாயின்ட் (ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு அட்ரஸ் பதிவு) எழுதி ரெண்டுக்கும் வேற வேற யூஆர்எல் பேட்டர்ன் குடுத்தாலும் உள்ளுக்குள்ள ரெண்டு பேருக்கும் பேர் ரேட்பீன்சர்வீஸ், போர்ட் ரேட்பீன்போர்ட், நேம்ஸ்பேஸும் அதே.

இப்ப சர்வர் என்ன பண்ணுதுன்னா, எந்த சர்வீஸ் எந்த அட்ரஸ்ல இருக்குன்னு ஒரு மேப்ல எழுதி வச்சிக்குது. அந்த மேப்போட சாவி யூஆர்எல் கிடையாது, சர்வீஸ் பேரு, போர்ட் பேரு, கிளாஸ், இந்த மூணும் சேர்ந்துதான். உங்க ரெண்டு என்ட்பாயின்டுக்கும் மூணும் ஒண்ணா இருக்கறதால முதல்ல எழுதினத ரெண்டாவது அழிச்சிடுது. ஃபைல்ல ஆபீஸ கீழ எழுதியிருப்பீங்க, அதனாலதான் எந்த டபிள்யூஎஸ்டிஎல்ல திறந்தாலும் ஆபீஸ் அட்ரஸ் வருது. வேணும்னா ரெண்டையும் மேல கீழ மாத்திப் போட்டுட்டு டோம்கேட்ட ரீஸ்டார்ட் பண்ணுங்க, ப்ரௌசர்ல ரெண்டு டபிள்யூஎஸ்டிஎல்லயும் திறந்து கடைசி நாலு வரிக்குப் போங்க, சோப் அட்ரஸ்னு ஒரு டேக் (சோப்ங்கறது இந்த சர்வீஸ் மெசேஜோட வடிவம்), அதுல லொகேஷன்னு இருக்கும், இப்ப ரெண்டுலயும் வியாபாரி அட்ரஸ் நிக்கும். இத ஒரு தடவை கண்ணால பாத்துட்டீங்கன்னா அப்புறம் வாழ்க்கையில மறக்காது.

நம்ம ஊர்ல மூலை வீடு இருக்குல்ல, ரெண்டு தெருவுலயும் வாசல் வச்சது, அதுல ரெண்டு வாசலுக்கும் ஒரே கதவு நம்பர் எழுதி வச்சா தபால்காரர் என்ன பண்ணுவாரு, கடைசியா எந்த வாசல்ல கையெழுத்து வாங்கினாரோ அங்கயே போடுவாரு. அதுதான் இங்க நடக்குது.

அட்ரஸ மட்டும் சரி பண்ணணும்னா சுருக்கமான வழி இருக்கு. அதே சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ் ஃபைல்ல ஒவ்வொரு என்ட்பாயின்ட் டேகுலயும் சர்வீஸ், போர்ட்னு ரெண்டு அட்ரிப்யூட் குடுக்கலாம், நேம்ஸ்பேஸ நெளி அடைப்புக்குறிக்குள்ள எழுதி பக்கத்துல பேர எழுதணும். ரெண்டு என்ட்பாயின்டுக்கும் வேற வேற பேர் வைங்க. ஒரே என்ட்பாயின்டுக்குள்ள சர்வீஸுக்கும் போர்ட்டுக்கும் நேம்ஸ்பேஸ் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா போர்ட்டோட நேம்ஸ்பேஸ் தப்புன்னு சொல்லி மேல ஏறவே ஏறாது. இத பண்ணினா அட்ரஸ் சரியாயிடும்.

ஆனா இதோட நிறுத்திக்காதீங்க தம்பி. உங்க கடிதத்துல நீங்க கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, எனக்கு அதப் படிச்சதும் பக்குன்னு ஆச்சு. @வெப்சர்வீஸ் போட்ட கிளாஸ்ல பப்ளிக் மெத்தட் அத்தனையும் சர்வீஸோட ஆபரேஷனா வெளிய போகும். அப்ப வியாபாரி சர்வீஸ்லயும் ரேட்ட மாத்தற மெத்தட் திறந்துதான் கிடக்குது. வியாபாரி டபிள்யூஎஸ்டிஎல்ல திறந்து போர்ட்-டைப்ங்கற டேகப் பாருங்க, மூணு ஆபரேஷனும் வரிசையா இருக்கும். சோப்-யூஐங்கற டெஸ்ட் டூல் தெரிஞ்ச ஒரு பையன் அந்த அட்ரஸ எடுத்துக்கிட்டான்னா காலையில ஏழு மணிக்கு மண்டி திறக்கறதுக்குள்ள மூட்டை ரேட்ட அவன் இஷ்டத்துக்கு மாத்திட்டுப் போயிடுவான். ஆபீஸ் யூஆர்எல்லுக்கு வெப்.எக்ஸ்எம்எல்ங்கற அப்ளிகேஷன் செட்டிங் ஃபைல்ல பாஸ்வேர்ட் போட்டிருக்கேன்னு நீங்க சொல்லலாம், இருக்கட்டும், அந்த வாசலுக்கு பூட்டு போட்டிருக்கீங்க, பக்கத்துத் தெரு வாசல் வழியா அதே ரூமுக்குள்ள வரலாமே. ரேட் தப்பாப் போனா நஷ்டம் கொட்டை வித்த விவசாயிக்கு, அத நினைச்சிப் பாருங்க.

சரி @வெப்மெத்தட்ல எக்ஸ்க்ளூட் ட்ரூன்னு குடுத்து அந்த மெத்தட மறைச்சிடலாமேன்னா, ஆனோட்டேஷன் கிளாஸோட ஒட்டிக்கிட்டு இருக்கு, என்ட்பாயின்டோட இல்ல. வியாபாரிக்கு மறைச்சா ஆபீசுக்கும் மறைஞ்சிடும். சரி ரெண்டு இன்டர்ஃபேஸ் எழுதி ரேட்பீன் ரெண்டையும் இம்ப்ளிமென்ட் பண்ணட்டும்னா, என்ட்பாயின்ட்இன்டர்ஃபேஸ்ல ஒரே ஒரு பேர்தான் குடுக்க முடியும். ஆனோட்டேஷன வச்சி எப்படித் திரும்பினாலும் ஒரு கிளாஸுக்கு ஒரு முகம்தான்.

அதனால நான் பண்றது இது. ரேட்பீன்ல இருந்து @வெப்சர்வீஸ எடுத்துடுங்க, அது சாதா ஜாவா கிளாஸா இருக்கட்டும், கணக்கு வழக்கு எல்லாம் அதுல. வியாபாரிசர்வீஸ், ஆபீஸ்சர்வீஸ்னு ரெண்டு சின்ன கிளாஸ் எழுதுங்க, ஒவ்வொண்ணும் உள்ள ஒரு ரேட்பீன வச்சிக்கிட்டு தனக்கு வேண்டிய மெத்தட மட்டும் எழுதி அப்படியே ரேட்பீனுக்கு தள்ளி விடணும். வியாபாரி கிளாஸ்ல ரேட் பாக்கறதும் பாக்கி பாக்கறதும் மட்டும், ரேட் மாத்தறது அங்க எழுதவே எழுதாதீங்க. ஒவ்வொரு கிளாஸும் பத்து பதினஞ்சு வரிதான் வரும். ரெண்டுலயும் சர்வீஸ் பேரு, போர்ட் பேரு, நேம்ஸ்பேஸ் மூணையும் கையால எழுதுங்க, டீஃபால்ட்டுக்கு விடாதீங்க. இன்னொண்ணு, ரெண்டையும் தனித்தனி பேக்கேஜ்ல வைங்க. ஏன்னா ஒவ்வொரு மெத்தடுக்கும் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ்னு ரெண்டு ரேப்பர் கிளாஸ் (தகவல சுத்தி அனுப்பற உறை) பின்னாடி உருவாகும், அது அந்த பேக்கேஜுக்குக் கீழ ஜாக்ஸ்டபிள்யூஎஸ்னு ஒரு துணை பேக்கேஜ்ல மெத்தட் பேர்லயே உக்காரும். ரெண்டு சர்வீஸ்லயும் ரேட் பாக்கற மெத்தட் ஒரே பேர்ல, ஒரே பேக்கேஜ்லன்னா ஒண்ணோட ரேப்பர் மேல இன்னொண்ணு ஏறி உக்காந்துக்கும், அப்ப வர்ற எரரப் பாத்து நீங்க இன்னும் மூணு நாள் உக்காரணும். ஒரே பேக்கேஜ்லதான் வைக்கணும்னா @ரிக்வெஸ்ட்ரேப்பர், @ரெஸ்பான்ஸ்ரேப்பர் போட்டு கிளாஸ்நேம் தனித்தனியா குடுங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. வியாபாரிங்க கையில ஏற்கனவே ஆப் போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஆப் பழைய நேம்ஸ்பேஸ்லதான் ரிக்வெஸ்ட் அனுப்பும். சோப் பாடிக்குள்ள முதல் டேகோட பேரையும் நேம்ஸ்பேஸையும் பாத்துத்தான் எந்த மெத்தட கூப்பிடணும்னு சர்வர் முடிவு பண்ணுது, நீங்க நேம்ஸ்பேஸ மாத்திட்டா "கேனாட் ஃபைன்ட் டிஸ்பேட்ச் மெத்தட்"னு ஒரு எரர் திரும்பிப் போகும், நாளைக்குக் காலையில அத்தனை வியாபாரியும் உங்களுக்கு போன் பண்ணுவாங்க. அதனால பழைய சர்வீஸ் பேரு, பழைய போர்ட் பேரு, பழைய நேம்ஸ்பேஸ் மூணையும் அப்படியே வியாபாரி சர்வீஸுக்கு எழுதிக் குடுத்துடுங்க. ஆபீஸ்ல இருக்கறது ரெண்டு மூணு கம்ப்யூட்டர்தானே, புதுப் பேர் அதுக்கு வைங்க. அந்த ஆப் ஆபீஸ் அட்ரஸத் தட்டுறத நிறுத்தணும்னா அதுக்குள்ள அட்ரஸ் எங்க எழுதியிருக்குன்னும் பாருங்க, ஓடும்போது டபிள்யூஎஸ்டிஎல்ல இருந்து எடுக்குதுன்னா தானா சரியாயிடும், கோடுல ஒட்டி வச்சிருந்தா ஆப் புதுசா அனுப்பித்தான் ஆகணும்.

கேள்வி: சார், நீங்க முன்னாடி ஒரு தடவை சொன்ன மாதிரி பொது வேலைய எல்லாம் ஒரு பேஸ் கிளாஸ்ல வச்சிட்டு, அத எக்ஸ்டென்ட் பண்ணி ரெண்டு காலி கிளாஸ் எழுதி @வெப்சர்வீஸ் போட்டேன். "டஸ் நாட் கன்டெய்ன் எனி வேலிட் வெப்மெத்தட்ஸ்"னு வருது. பேஸ் கிளாஸ்ல அஞ்சு பப்ளிக் மெத்தட் இருக்கே சார்?
— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: அஞ்சு இருக்கும்மா, ஆனா அது ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் கண்ணுக்குத் தெரியாது. மேல் கிளாஸ்ல இருக்கற பப்ளிக் மெத்தட் சர்வீஸ்ல சேரணும்னா அந்த மேல் கிளாஸ்லயும் @வெப்சர்வீஸ் இருக்கணும்னு விதி. உங்க பேஸ்ல அது இல்ல, கீழ் கிளாஸ் ரெண்டும் காலி, அப்ப ஒரு மெத்தடும் இல்லாத சர்வீஸ்னு ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் நிறுத்திடுது.

உடனே ஓடிப்போய் பேஸ்ல @வெப்சர்வீஸ் ஒட்டிடாதீங்க. ஒட்டினா அஞ்சும் ரெண்டு சர்வீஸ்லயும் வெளிய போயிடும், மேல முந்திரி மண்டிக்காரருக்கு சொன்ன அதே ஆபத்து. அதோட கிளாஸ்ஃபிஷ், வைல்ட்ஃப்ளை மாதிரி தானா ஆனோட்டேஷன தேடிப் பிடிக்கற சர்வர்ல போட்டீங்கன்னா பேஸ் கிளாஸே மூணாவது சர்வீஸா எழுந்து நிக்கும், நீங்க கேக்காதது.

வழி என்னன்னா ரெண்டு இன்டர்ஃபேஸ் எழுதுங்க, இன்டர்ஃபேஸ் மேல @வெப்சர்வீஸ் போடுங்க, அதுல எந்த மெத்தட் வெளிய போகணுமோ அது மட்டும். கீழ் கிளாஸ் பேஸ எக்ஸ்டென்ட் பண்ணி அந்த இன்டர்ஃபேஸ இம்ப்ளிமென்ட் பண்ணட்டும், தலையில @வெப்சர்வீஸ் போட்டு என்ட்பாயின்ட்இன்டர்ஃபேஸ்ல அந்த இன்டர்ஃபேஸோட முழுப்பேர பேக்கேஜோட சேத்து எழுதுங்க. அப்ப மெத்தட் பட்டியல் இன்டர்ஃபேஸ்ல இருந்து வரும், வேலைய பேஸ் செய்யும், கீழ் கிளாஸ் காலியாவே இருக்கலாம். இதுல சறுக்கற இடம் ரெண்டு: என்ட்பாயின்ட்இன்டர்ஃபேஸ் குடுத்த இடத்துல 'நேம்'ங்கற அட்ரிப்யூட் குடுக்கக் கூடாது, அது இன்டர்ஃபேஸ்ல வரணும். சர்வீஸ் பேரும் போர்ட் பேரும் நேர் எதிர், அது கிளாஸ்ல வரணும், இன்டர்ஃபேஸ்ல எழுதக் கூடாது.

எனக்குப் பிடிச்சது எக்ஸ்டென்ட் பண்றதவிட உள்ள வச்சிக்கறதுதான், மேல சொன்ன மாதிரி. ஆனா படிக்கற வயசுல ரெண்டையும் செஞ்சு பாக்கறது நல்லது, லேப்ல மெஷின் கிடைக்கற நேரத்துல ரெண்டு டபிள்யூஎஸ்டிஎல்லயும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாருங்க.

கேள்வி: மூணு சர்வீஸ் போட்டேன். ஒண்ணு வேலை செய்யுது, ரெண்டுக்கு 404. எங்கேன்னு தேடறது?
— அரியாங்குப்பம் வாசகர்

பதில்: 404 வர்ற பேஜ உத்துப் பாருங்க, பதில் அதுலயே இருக்கு. டோம்கேட்டோட வழக்கமான 404 பேஜ், கீழ டோம்கேட் வெர்ஷன் எழுதி வந்துதுன்னா உங்க ரிக்வெஸ்ட் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் சர்வ்லெட் (ரிக்வெஸ்ட வாங்கிக்கற கிளாஸ்) வரைக்கும் வந்து சேரவே இல்லன்னு அர்த்தம், வெப்.எக்ஸ்எம்எல்ல சர்வ்லெட்-மேப்பிங்ல அந்த யூஆர்எல் பேட்டர்ன் விட்டுப்போச்சு. அப்படி இல்லாம வெறும் பெரிய எழுத்துல "404 நாட் ஃபவுண்ட்: இன்வேலிட் ரிக்வெஸ்ட்"னு மட்டும் வந்துதுன்னா சர்வ்லெட் வரைக்கும் வந்துடுச்சு, ஆனா சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ் ஃபைல்ல அந்த பேட்டர்ன் இல்ல, இல்லன்னா எழுத்து மாறியிருக்கு, பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட வித்தியாசம்தான். ரெண்டு ஃபைல்லயும் ஒரே பேட்டர்ன் அச்சு அசலா இருக்கணும்.

அந்த ஒண்ணும் வேலை செய்யாம மூணுமே போச்சுன்னா வேற கதை. ஃபைல்ல ஒரு என்ட்பாயின்ட் தப்பா இருந்தாலும், உதாரணத்துக்கு ஒரு கிளாஸ் பேர்ல ஒரு எழுத்து தப்புன்னாலும், அப்ளிகேஷன் கிளம்பும்போது அந்த ஃபைலப் படிக்கற லிஸனர் விழுந்துடும், லிஸனர் விழுந்தா டோம்கேட் அந்த அப்ளிகேஷன முழுசா நிறுத்திடும், நல்லா இருந்த ரெண்டும் சேர்ந்து போயிடும். டோம்கேட்டோட கேட்டலினா லாக்ல ஏதோ லிஸனர் ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு வரிதான் வரும், அதப் பாத்து ஒண்ணும் புரியாது, பக்கத்துல லோக்கல்ஹோஸ்ட்னு தேதி போட்ட இன்னொரு லாக் ஃபைல் இருக்கு பாருங்க, அதுலதான் முழு எரரும் இருக்கும். "டபிள்யூஎஸ்சர்வ்லெட் 11"னு நம்பரோட தேடுங்க, ரன்டைம் டிஸ்க்ரிப்டர (அந்த சன்-ஜாக்ஸ்டபிள்யூஎஸ் ஃபைலத்தான்) படிக்க முடியலன்னு சொல்லி கீழ காரணமும் எழுதியிருக்கும்.

வெப்.எக்ஸ்எம்எல்ல ரெண்டு சர்வ்லெட்டுக்கு ஒரே பேட்டர்ன் குடுத்தாலும் அப்ளிகேஷன் எழாது, ரெண்டும் ஒரே பேட்டர்னுக்கு மேப் ஆகியிருக்கு, அனுமதி இல்லன்னு டோம்கேட்டே தெளிவா சொல்லும். மூணு சர்வீஸுக்கும் சர்வ்லெட் ஒண்ணு போதும், அதே சர்வ்லெட் பேருக்கு மூணு மேப்பிங் எழுதுங்க.

கேள்வி: அண்ணே, கடலூர் ஓ.டி.யில (ஓல்ட் டவுன்) ஐஸ் ஃபேக்டரிக்கு பில் சாஃப்ட்வேர். படகுக்காரங்களுக்கு ஒரு சர்வீஸ், லாரிக்காரங்களுக்கு ஒரு சர்வீஸ், கிளாஸ் ஒண்ணுதான். ரசீது நம்பர் ரெண்டு பக்கமும் ஒண்ணுல இருந்து ஓடுது, ஒரே நம்பர்ல ரெண்டு ரசீது. சில நேரம் ஒரே சர்வீஸ்லயே நம்பர் திரும்ப வருது.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இந்த வலி எனக்கு நல்லாத் தெரியும். பல வருஷம் முன்னாடி ரெட்டியார்பாளையத்துல ஒரு ஆபீசுக்கு இதே மாதிரி பண்ணிக் குடுத்திருந்த சாஃப்ட்வேர பாக்கக் கூப்பிட்டாங்க, மாசக் கடைசி, கணக்குப் புள்ள மேஜை மேல ரெண்டு ரசீத பக்கத்துல பக்கத்துல வச்சிக் காட்டினாரு, நம்பர் ஒண்ணு, தேதி ஒண்ணு, பேரும் தொகையும் வேற வேற. அவர் பேசவே இல்ல, பென்சிலால ரெண்டு நம்பர் மேலயும் வட்டம் மட்டும் போட்டாரு. அன்னிக்கு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ரசீது கட்டப் பிரிச்சி கையால சரி பாத்தோம். அதனால சொல்றேன், இத இன்னிக்கே சரி பண்ணிடுங்க.

காரணம் இது. நம்பர கிளாஸுக்குள்ள சாதா இன்ஸ்டன்ஸ் வேரியபிளா வச்சிருக்கீங்க. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஒவ்வொரு என்ட்பாயின்டுக்கும் அந்த கிளாஸ்ல ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி வச்சிக்கும், ரெண்டு என்ட்பாயின்ட்னா ரெண்டு ஆப்ஜெக்ட், ரெண்டு கவுன்ட்டர், ரெண்டும் ஒண்ணுல இருந்து கிளம்பும். ஒரே சர்வீஸ்ல நம்பர் திரும்ப வர்றது வேற காரணம், அந்த ஒரு ஆப்ஜெக்டத்தான் வர்ற அத்தனை ரிக்வெஸ்டும் ஒரே நேரத்துல பயன்படுத்துது, விடியக்காலையில படகு கிளம்பற நேரத்துல நாலு பேர் ஒரே நொடியில ஐஸ் எழுதினா ரெண்டு த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை) ஒரே நம்பரப் படிச்சிடும்.

ஸ்டேட்டிக் போட்டா சரியாயிடுமான்னா, ரெண்டு சர்வீஸும் ஒரே வார் ஃபைலுக்குள்ள (சர்வர்ல ஏத்தற பொட்டலம்) இருந்தா கவுன்ட்டர் ஒண்ணாயிடும், ரெண்டு வார் ஃபைலா பிரிச்சிட்டா கிளாஸ எடுத்து ஏத்தற கிளாஸ்லோடர் வேற, திரும்ப ரெண்டு கவுன்ட்டர். த்ரெட் பிரச்சினைக்கு பூட்டு தனியா போடணும். அதுக்கும் மேல, டோம்கேட்ட ரீஸ்டார்ட் பண்ணா நம்பர் திரும்ப ஒண்ணு. 2011 டிசம்பர் 30 அன்னிக்கு வந்த 'தானே' புயல்ல கடலூர்ல கரண்ட் எத்தனை நாள் போச்சுன்னு உங்களுக்கே தெரியும், சர்வர் எப்ப வேணா நிக்கும்னு வச்சித்தான் எழுதணும். ரசீது நம்பர டேட்டாபேஸ்ல தானா அடுத்த நம்பர் குடுக்கற சீக்வென்ஸ் இல்லன்னா ஆட்டோ இன்க்ரிமென்ட்ல விடுங்க, ரெண்டு சர்வீஸும் அங்கேயே போய் வாங்கட்டும். சீக்வென்ஸ்ல நடுவுல ஒரு நம்பர் விட்டுப் போகலாம், ஆனா ஒரே நம்பர் ரெண்டு தடவை வராது. கணக்குல விடுபடவே கூடாதுன்னா தனி டேபிள்ல ஒரு வரி வச்சி, ரசீது எழுதற அதே ட்ரான்சாக்ஷன்ல அந்த வரிய லாக் பண்ணி ஏத்துங்க. சர்வீஸ் கிளாஸுக்குள்ள எந்த கணக்கையும் ஞாபகம் வைக்கச் சொல்லாதீங்க.

கேள்வி: ஜாவா 8ல நல்லா ஓடின ரெண்டு சர்வீஸ், புது சர்வர்ல ஜாவா 11 போட்டதும் வெப்சர்வீஸ் கிளாஸே இல்லங்குது. டோம்கேட்டும் 10ன்னு போட்டுட்டாங்க.
— வில்லியனூர் வாசகர்

பதில்: ரெண்டு மாற்றம் ஒண்ணா வந்து உங்க தலையில விழுந்திருக்கு, ஒண்ணொண்ணா எடுங்க. ஜாவா 6ல இருந்து ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஜேடிகேங்கற ஜாவா தொகுப்புக்குள்ளயே இருந்துது, 2018ல வந்த ஜாவா 11ல அத எடுத்துட்டாங்க. இப்ப ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டின்னு லைப்ரரிய நீங்களே மேவன்ல (லைப்ரரி சேக்கற டூல்) சேக்கணும். அடுத்தது டோம்கேட் 10, அதுல ஜாவாஎக்ஸ்னு ஆரம்பிக்கற சர்வ்லெட் பேக்கேஜ் எல்லாம் ஜகார்த்தான்னு மாறிடுச்சு, பழைய வார் ஃபைல அப்படியே தூக்கிப் போட்டா ஓடாது.

என் பேச்சக் கேட்டா முதல்ல டோம்கேட்ட 9க்கு இறக்குங்க, ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி 2.3 வரிசைய சேருங்க, கோடுல ஒரு வரி மாத்தாம ரெண்டு சர்வீஸும் எழுந்துடும். வாடிக்கையாளர் மூச்சு விட்டதுக்கு அப்புறம் நிதானமா இம்போர்ட் எல்லாத்தையும் ஜகார்த்தாவுக்கு மாத்தி, டோம்கேட் 10.1ன்னா 4.0 வரிசை லைப்ரரியோட போங்க. ரெண்டையும் ஒரே ராத்திரியில பண்ணினா எது எதால உடைஞ்சிதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: ஆக்சிஸ்2ங்கற வெப் சர்வீஸ் லைப்ரரில ஒரே கிளாஸ ரெண்டு சர்வீஸா போட முடியுமா?
— நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: முடியும், சொல்லப்போனா அங்க இது இன்னும் சுலபம். சர்வீசஸ்.எக்ஸ்எம்எல்ல மேல சர்வீஸ்குரூப்னு ஒரு டேக், அதுக்குள்ள ரெண்டு சர்வீஸ் டேக், ரெண்டுலயும் சர்வீஸ்கிளாஸ் பாராமீட்டர்ல அதே கிளாஸ் பேர். எந்த மெத்தட் வெளிய தெரியக் கூடாதோ அத ஒவ்வொரு சர்வீஸ்லயும் எக்ஸ்க்ளூட்ஆபரேஷன்ஸ்ல எழுதலாம், ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஆனோட்டேஷன்ல கிடைக்காத வசதி இது. பேர் மட்டும் சர்வர் முழுக்க தனியா இருக்கணும், வேற ஏஏஆர் ஃபைல்ல (ஆக்சிஸ்2ல ஏத்தற பொட்டலம்) அதே பேர் ஏற்கனவே இருந்தாலும் ஒரே பேர்ல ரெண்டு சர்வீஸ் இருக்கக் கூடாதுன்னு சொல்லி ஏத்தாது. அட்மின் பேஜ்ல ஃபால்ட்டி சர்வீசஸ்னு ஒரு பகுதி இருக்கும், சர்வீஸ் காணோம்னா முதல்ல அங்க போய்ப் பாருங்க.

கேள்வி: டோம்கேட்டுக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ்ங்கற ப்ராக்ஸி சர்வர் வச்சதும் ரெண்டு டபிள்யூஎஸ்டிஎல்லயும் அட்ரஸ் லோக்கல்ஹோஸ்ட் 8080ன்னு வருது.
— தவளக்குப்பம் வாசகர்

பதில்: இதுக்கும் மேல சொன்ன பேர் பிரச்சினைக்கும் சம்பந்தம் இல்ல. ரிக்வெஸ்ட்ல வர்ற ஹோஸ்ட் ஹெடர வச்சித்தான் அட்ரஸ் எழுதறாங்க, என்ஜின்எக்ஸ் சும்மா விட்டா பின்னாடி இருக்கற சர்வர் பேரத்தான் ஹோஸ்டா அனுப்பும். ப்ராக்ஸி-செட்-ஹெடர்ல ஹோஸ்ட்ட அப்படியே அனுப்பச் சொல்லுங்க. வெளிய ஹெச்டிடிபிஎஸ், உள்ள ஹெச்டிடிபின்னா எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவும் அனுப்பி, டோம்கேட்ல ரிமோட்ஐபிவால்வ் போடுங்க, அப்பதான் டபிள்யூஎஸ்டிஎல்ல எஸ் சேர்ந்து வரும்.

கேள்வி: ரெண்டு சர்வீஸுக்கும் டபிள்யூஎஸ்இம்போர்ட் (டபிள்யூஎஸ்டிஎல்ல இருந்து ஜாவா கோட் எடுக்கற டூல்) ஓட்டி கிளையன்ட் எடுத்தேன், முதல்ல எடுத்தது இப்ப கம்பைல் ஆகல.
— பாகூர் வாசகி

பதில்: ரெண்டு டபிள்யூஎஸ்டிஎல்லுக்கும் நேம்ஸ்பேஸ் ஒண்ணும்மா, அதனால ரெண்டும் ஒரே பேக்கேஜ்ல போய் விழுது, ஆப்ஜெக்ட்ஃபேக்டரின்னு ஒரு கிளாஸ் ரெண்டுலயும் வரும், ரெண்டாவது முதல்ல இருந்தத அழிச்சிடுச்சு. சர்வர் பக்கம் உங்க கையில இருந்தா நேம்ஸ்பேஸப் பிரிக்கச் சொல்லுங்க. இல்லன்னா டபிள்யூஎஸ்இம்போர்ட்ல மைனஸ் பி போட்டு ஒவ்வொண்ணுக்கும் தனி பேக்கேஜ் பேர் குடுங்க. ஓட்டறதுக்கு முன்னாடி பழைய ஃபைல் எல்லாத்தையும் அந்த ஃபோல்டர்ல இருந்து துடைச்சிடுங்க, இல்லன்னா பழசும் புதுசும் கலந்து நின்னு இன்னும் குழப்பும்.